எந்தக் கையைப் பிடித்து இழுத்தான்?

பிசாசுக்காகப் பரிந்து பேசிய ஒரே கிறிஸ்தவரை நான் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் பார்த்தேன். துரைமார் குதிரையில் வந்துபோன காலம். நான் அங்கே கம்பவுண்டர். அவர் மிஷன் வேலையாக தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, பெண்களுக்கு ஜெபமும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிற விதவை. பேர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் யார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? தோட்டம் முழுக்க அவர் மிஷன் அம்மா, அவ்வளவுதான்.

ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போடி வழியாக நடந்தே மலையேறி வந்தவர். எங்கே உட்கார்ந்தாலும் காலை நீட்டி, “அப்பாடா, ஆண்டவரே” என்று ஒரு மூச்சு விடுவார். அதில் ஜெபம் எவ்வளவு, கால்வலி எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. முந்தானையில் ஒரு உப்பு முடிச்சு எப்போதும் இருக்கும். காலை நீட்டியதும், கடித்துத் தொங்கும் அட்டைகளின் மேல் உப்பை வைத்து ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே மிச்சப் பேச்சைப் பேசுவார்.

எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவ சனம் பிசாசைக் கூலிக்கு அமர்த்தி வைத்திருந்தது என்றே சொல்லலாம். சோறு குழைந்தால் சாத்தான், மாமியாரும் மருமகளும் பிடித்துக்கொண்டால் சாத்தான், செடி நறுக்கும் கவாத்துக் கத்தி காலில் பட்டால் சாத்தான். சபையை நடத்திய எங்கள் உபதேசியார் நல்ல மனிதர், உருகி ஜெபிப்பார். ஆனால் அவரும் இருமல் வந்தால்கூட முதலில் சாத்தானைக் கடிந்துவிட்டுத்தான் என்னிடம் மருந்து கேட்பார். இந்தப் பேச்சு மிஷன் அம்மாவுக்கு ஆகவே ஆகாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். யேசுவடியான் என்ற ஆள் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொன்னான். குடியை விட்டு ஆறு மாதமாகியும், போன வாரம் சாத்தான் அவனைச் சாராயக் கடைக்கு இழுத்துப் போய்விட்டானாம். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மிஷன் அம்மாவின் குரல் வந்தது.

“எந்தக் கையப் பிடிச்சு இழுத்தான்?”

அவன் விழித்தான். “அம்மா?”

“இல்ல, கடை கீழ ரெண்டு மைலு தள்ளிக் கெடக்கு. ரெண்டு மைலும் இழுத்துட்டே போனானா? போறது இறக்கம், சரி. திரும்பி வாரது ஏத்தம்லா? முதுகுல கைய வச்சித் தள்ளிட்டு வந்தானாக்கும்?”

கூட்டம் சிரித்தது. யேசுவடியானும் கண்ணீர் காயாமலே சிரித்துவிட்டான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“நடந்தது உன் காலு. குடிச்சது உன் வாயி. அந்த ஆளு மேல அபாண்டமாச் சொல்லாத.”

பிசாசின் பேரை அவர் சொல்லமாட்டார். ‘அந்த ஆளு’ என்பார். பிறகு உபதேசியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சபையில் சாத்தானுக்கு வக்காலத்து வாங்கினால் சனம் என்ன நினைக்கும் என்று வருத்தப்பட்டார். அம்மா அலுத்துக்கொண்டார். “ஐயா, பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதுன்னுதான் கட்டளை. இன்னார் பேருல சொல்லலாம்னு ஒரு விலக்கும் போடலியே. அவந்தான் பொய்க்கெல்லாம் தகப்பன்னு வேதம் சொல்லுது. அவன் பேருலயே பொய் சொன்னாலும் அந்தப் பிள்ளையும் அவனுக்குத்தானே பொறக்கும்?”

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மனிதனுக்குச் சத்துருக்கள் மூன்று என்று எங்கள் சபையில் பிள்ளைகளுக்குப் பாடம் உண்டு: உலகம், மாம்சம், பிசாசு. அம்மாவின் உபதேசம் மொத்தமும் இந்த ஒரு வரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். “மூணு பேரு இருக்காவ. நீங்க முதல் ரெண்டு பேரையும் விட்டுட்டு எப்பவும் மூணாவது ஆளையே பிடிச்சிட்டு வாரிய” என்பார். காய்ச்சலோடு வந்த பெண்களையும் கங்காணி கொழுந்து பறிக்க விரட்டினால், அதற்குப் பேர் உலகம். ஒருநாள் எழுத்துப் படிக்க வந்த ஒரு பெண்ணை அவரே பொறுமையிழந்து கன்னத்தில் அறைந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் தானாக எழுந்து, “மாம்சம். இந்தக் கைதான்” என்று வலது கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அறை வாங்கினவளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

இதையெல்லாம் வைத்து அவருக்குப் பிசாசு மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்தால் தப்பு. தோட்டத்திலேயே அவனுக்கு உண்மையாகப் பயந்தவர் அவர் ஒருவர்தான். ஒருமுறை என்னிடம் சொன்னார்: “ரெண்டு தடவ எனக்குப் பக்கத்துல இருந்திருக்கான் தம்பி. அப்புறமாத்தான் தெரிஞ்சுது.” எப்படி இருந்தான் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல. சத்தங்கூட இல்ல. ரெண்டு தடவையும் நான் ரொம்ப நல்லவ, எல்லாம் சரியாத்தான் நடக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

அவர் சொன்னதை நான் அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் அலுப்பு எனக்கு. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பிரட்டுக்களத்தில், மழையானாலும் பனியானாலும், வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் மலைக்காய்ச்சலுக்கான கொயினா மருந்து ஊற்றவேண்டும். கசப்புத் தாங்காமல் வாயில் வைத்திருந்து தேயிலைச் செடிக்குள் துப்பிவிடுவார்கள். அதனால் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டவேண்டும் என்பது சட்டம். வருஷக்கணக்காக மனிதர்களை முகமாகப் பார்க்காமல் நாக்காகவே பார்த்துப் பார்த்து, எனக்கு எல்லாவற்றின் மேலும் ஒரு சலிப்பு வந்திருந்தது.

அந்த ஆடி மாதம் மழை விடவே இல்லை. மிஷன் அம்மா மலைக்கு அப்பால் வேறொரு டிவிஷனுக்குப் போயிருந்தார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஈரத் துணியை மாற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தேன். அப்போதுதான் மாசிலாமணி வந்தான். கவாத்து வெட்டுகிறவன், கிறிஸ்தவன், அதிகம் பேசாதவன். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவன் மனைவி ஞானப்பூவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. தலையில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, வாசலில் நின்றான்.

“ஐயா, அவ கண்டபடி பேசுதா. என்னையே யாருன்னு கேக்கா. ஆளக் கண்டா அறையுதா. பிசாசு பிடிச்சிருக்குன்னு பொம்பளையோ சொல்லுதாவ. ஒரு எட்டு வந்து பாருங்க.”

அவன் லயம் மேல் டிவிஷனில் இருந்தது. முக்கால் மணி நேர ஏற்றம். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

“பிசாசுக்கு என்கிட்ட மருந்து கிடையாது மாசிலாமணி. உபதேசியாரக் கூட்டிட்டுப் போ.”

அவன் சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, “சரிங்கய்யா” என்று போனான். உடம்பு சுடுகிறதா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுடுகிறது என்றிருப்பான், நான் எழுந்து போகவேண்டி வந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. இதை இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்று அடுப்பு இதமாக இருந்தது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

உபதேசியார் மழையில் நனைந்துகொண்டு போனார். அவரும் சபை மூப்பர்களும் நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டிருந்த அவளைச் சுற்றி உட்கார்ந்து, சாத்தானைக் கடிந்து, தொண்டை கட்டும்வரை ஜெபித்தார்கள். புதன்கிழமை விடியும்போது ஞானப்பூ செத்துப்போனாள்.

குளிப்பாட்டிய பெண்கள் அவள் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு இருந்ததைப் பார்த்தார்கள். சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று மாசிலாமணி போடியில் ஒரு மந்திரவாதியிடம் வாங்கிவந்து கட்டிவிட்டது. அதோடு எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. கயிறு வழியாகப் பிசாசு உள்ளே வந்தான், புருஷனே கதவைத் திறந்துவிட்டான். மாசிலாமணியும் அதை நம்பினான். அடக்கத்தின்போது அவன் அழவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞானப்பூ போய்விட்டாள், பச்சைப்பிள்ளை இருந்தது. அந்த லயத்தில் பால்கொடுக்கிற பெண்கள் மூன்று பேர் இருந்தும் ஒருத்தியும் பிள்ளையைத் தொடவில்லை. பிசாசு பிடித்தவளின் பாலைக் கடைசிவரை குடித்த பிள்ளை. அதை மார்பில் போட்டால் தனக்கும் தன் பிள்ளைக்கும் என்ன ஆகுமோ என்று பயம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. மாசிலாமணி கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். உபதேசியார் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி சபைக்கு முன்னால் நின்று, தானே பிசாசை வீட்டுக்குள் கொண்டுவந்து மனைவியைப் பலிகொடுத்ததாக அறிக்கையிட வேண்டும். சபை பிள்ளைக்காக ஜெபிக்கும். அப்புறம் பெண்கள் பயம் தெளிந்து பால் கொடுப்பார்கள். மாசிலாமணி உடனே சம்மதித்தான். பாலுக்காக அவன் எதையும் ஒப்புக்கொண்டிருப்பான்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நிம்மதிதான். பிள்ளைக்குப் பால் கிடைத்துவிடும், சபை சமாதானமாகிவிடும், மாசிலாமணிக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடும். எல்லாம் சரியாகவே நடக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மிஷன் அம்மா திரும்பி வந்தார். வந்த காலோடு மேல் டிவிஷனுக்குப் போய், யார் வீட்டிலோ ஆட்டுப்பால் கறக்கச் சொல்லி, பாலாடையில் பிள்ளைக்குப் புகட்டிவிட்டு, பிற்பகலில் என் மருந்து அறைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். அன்று “அப்பாடா” சொல்லவில்லை.

“பாதிக்குமேல கக்கிருது தம்பி. கழுத்து நிக்கல.” உப்பு முடிச்சை அவிழ்த்தார். “திங்கக்கெழம சாயங்காலம் மாசிலாமணி ஒங்ககிட்ட வந்தானாமே?”

“வந்தான். பிசாசு பிடிச்சிருக்குன்னு சொன்னான்.”

“அவன் கவாத்து வெட்டுதவன். அவனுக்குத் தெரிஞ்சதச் சொல்லுவான். ஒடம்பு சுட்டுதான்னு நீங்க கேட்டியளா?”

நான் ஒரு புட்டியை எடுத்துத் துடைத்தேன். “கேக்கல.”

அவர் ஒரு அட்டையை உதிர்த்தார். இன்னொன்றையும் உதிர்த்தார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் களைத்துப்போன குரலில், குழந்தைகளிடம் பாடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“மூணு பேருல யாரு தம்பி?”

துடைத்த புட்டியையே மறுபடி துடைத்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் தீர்ந்துவிடப்போகிறது, பிள்ளைக்குப் பால் வந்துவிடும், இப்போது போய் இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது, என் வேலைதான் போகும்.

“பிள்ளைக்குப் பால் வரும். வாஸ்தவம். பொண்டாட்டியக் கொன்னவன் நாந்தான்னு அவன் சாகுதவரைக்கும் தெனம் முழிச்சிப் பாக்கணும். அந்தப் பிள்ளையும் வளந்து அதையே நம்பணும். சரின்னு படுதா?”

“நீங்களே உபதேசியார்கிட்டச் சொல்லிருங்களேன்” என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“நான் எப்பிடிச் சொல்ல? நான் இங்கன இல்ல. பாக்கல. பாக்காததச் சொன்னா அதுவும் பொய்ச்சாட்சிதான். ஒங்களத் தவிர இதுக்குச் சாட்சி கெடையாது.” எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “நான் போயி இன்னும் ரெண்டு பாலாட கொடுத்துப் பாக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கோயில் என்றால் பழைய தேயிலைக் கொட்டகைதான். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் பாயில் உட்கார, எனக்கு மட்டும் உத்தியோகஸ்தன் என்று முன்னால் ஒரு பெஞ்சு. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் மாசிலாமணியைக் கூப்பிட்டார். அவன் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பிள்ளை அழுதது. சத்தம் மிகவும் மெலிந்திருந்தது. காய்ச்சல்காரர்களைப் பார்த்துப் பழகியவன் நான். அந்தச் சத்தம் இன்னும் எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியும்.

மாசிலாமணி வாயைத் திறக்குமுன் எழுந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை. அந்தச் சத்தத்தை உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

“உபதேசியாரே, நான் பேசணும். திங்கக்கிழம மாசிலாமணி என்னையத்தான் முதல்ல தேடி வந்தான். நான் போகல. சாத்தான் என் கண்ண மறைச்சு, என் கையக் காலக் கட்டிப்போட்டு…”

“எந்தக் கையப் பிடிச்சான் தம்பி?”

தூணோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். எப்போதும் அந்தக் கேள்விக்குச் சிரிக்கிற சபை அன்று சிரிக்கவில்லை. நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன்.

“யாரும் பிடிக்கல” என்றேன். “மழை பெஞ்சுது. எனக்குக் களைப்பா இருந்துச்சு. போர்வைய விட்டு எந்திரிக்க மனசில்ல. அதனால பிசாசுக்கு மருந்தில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது காய்ச்சல். மூளைக்கு ஏறுன காய்ச்சல். அன்னைக்கே டோலி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா ஒருவேள பிழைச்சிருப்பா. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனா அது பிசாசு இல்ல. கயிறும் இல்ல. மாசிலாமணி ஒண்ணும் பண்ணல. நான்தான் போகல.”

கொட்டகைக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. உபதேசியார் ஜெபிப்போம் என்று கண்ணை மூடினார். ஜெபிக்காமலே மறுபடி திறந்துகொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் எழுந்தாள். ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி, அதே லயத்தவள்.

“அப்ப வெறுங் காய்ச்சலாய்யா அது? பால்ல ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணுமில்ல தாயி.”

அவள் தன் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டு மாசிலாமணியிடம் போனாள். “தாங்கண்ணே” என்று வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் போனாள். கொஞ்சநேரத்தில் அழுகை நின்றது. மாசிலாமணி வெறுங்கையோடு அங்கேயே நின்று என்னைப் பார்த்தான். அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மனைவி செத்து ஐந்தாம் நாள் அன்றுதான் அவன் முதல்முறையாக அழுதான்.

என் வேலை போகவில்லை. லயத்தில் நடப்பதைத் துரையிடம் போய்ச் சொல்கிற பழக்கம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. மறுநாள் கொயினா வரிசையில் மாசிலாமணியும் வந்தான். ஊற்றினேன். விழுங்கினான். சட்டப்படி நாக்கை நீட்டிக் காட்டினான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் நாக்கையே பார்த்தேன்.

அந்த வாரம் மிஷன் அம்மாவிடம் கேட்டேன். “அப்ப இதுல அந்த ஆளுக்கு ஒரு பங்குமே இல்லியாம்மா?”

“ஏன் இல்லாம?” என்றார். “நீங்க போகாம இருந்தது ஒங்க ஒடம்பு. அது மாம்சம், அதுல அவனுக்கு வேலையில்ல. அவ செத்தப்பெறகு நாலு நாளு வாயத் தெறக்காம, எல்லாம் நல்லாத்தான் நடக்குன்னு இருந்தியல்லா? அப்ப ஒங்க பக்கத்துல உக்காந்திருந்தது அவந்தான்.” என் முகம் போன போக்கைப் பார்த்து, கொஞ்சம் இரங்கி, “எனக்குத் தெரியாதா? என்கிட்டயும் ரெண்டு தடவ உக்காந்தவந்தானே” என்றார்.

ஒரு மாதத்துக்கும் மேல் மாசிலாமணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மழைக்காலம் முடியப்போகிற ஒரு சாயங்காலம், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போர்வை தோளில் இருந்தது. எதுவும் மாறவில்லை, என் களைப்பு உட்பட.

“பிள்ளைக்கு ஒடம்பு சுடுது” என்றான்.

மருந்துப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். முக்கால் மணி நேரமும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வெறும் சளிக்காய்ச்சல்தான். மூன்று நாளில் விட்டுவிட்டது. ஆனால் ஏறும்போது அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வழியில்தான் மிஷன் அம்மாவின் அறை. அவரும் அப்போதுதான் ஏதோ ஒரு லயத்திலிருந்து திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போன அவனைப் பார்த்தார், பின்னால் மூச்சுவாங்கப் போன என்னைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. காலை நன்றாக நீட்டிக்கொண்டு, “அப்பாடா, ஆண்டவரே” என்றார்.